ஏரோட்ராமுக்கு முன்னால் நாற்பத்தொரு வீடு

கம்பெனிகளுக்குச் சரித்திரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். மதுராந்தகத்தில் ஒரு அரிசி ஆலைக்கு ஐம்பதாம் ஆண்டு மலர் போட்டேன். சென்னையில் இரண்டு மருத்துவமனைகளுக்கும் ஒரு பஸ் கம்பெனிக்கும் எழுதினேன். கூட்டாளி சண்டை போட்டுப் பிரிந்ததை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன். முதல் மனைவியின் படம் வேண்டாம் என்றால் அதுவும் போய்விடும். ரிஃபானாவிடம் கொடுத்தால் தலைவலி இல்லை என்று பதினோரு வருஷமாக எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் படூரில் ஒரு ஃபிளாட்டில் நானும் அம்மாவும் காலம் தள்ளினோம்.

போன வருஷம் மாசி மாதத்தில் ஜெயக்குமார் என்னைக் கூப்பிட்டார். மாமல்லபுரம் ரோட்டில் கடல் தெரியும் ஒரு ரிசார்ட்டில் சந்திப்பு. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், பனையங்கரணை என்ற ஊரில், யுத்த காலத்து விமானத்தளம் ஒன்று இருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்துத் தனி ஜெட்டுகள் வந்துபோகும் நிலையமாக மாற்றிக்கொண்டிருந்த கம்பெனியில் அவர் திட்ட மேலாளர்.

"தொழிலதிபர்கள், வெளிநாட்டு விருந்தாளிகள் இறங்குவாங்க மேடம். லவுஞ்சுல எட்டுப் பலகை வைக்கிறோம். இந்த ஓடுதளத்தோட வரலாறு. ராணுவம், யுத்தம், அந்தக் காலத்து விமானம், அப்புறம் நாங்க. கொஞ்சம் கம்பீரமா இருக்கணும்" என்றார்.

நல்ல மனிதராகத்தான் பேசினார். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே தளத்துக்குப் போனேன். ஓடுதளத்துக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். வடக்கே விமானம் நிறுத்தும் புது ஹேங்கர் பளபளவென்று நின்றது. மேற்கு ஓரத்தில் மட்டும் பழைய சிமென்ட் பலகைகள் வெடித்துக் கிடந்தன. அங்கே பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். புல் உயர்ந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பறவை வரும், பறவை வந்தால் விமானத்துக்கு ஆபத்து. அதனால் வருஷம் முழுக்க அந்த வேலை உண்டு.

அவர்களில் ஒருத்தி மட்டும் அறுக்கவில்லை. இடுப்பளவு உயரமுள்ள ஒரு கருங்கல்லின் முன்னால் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கல்லின் மேல் சிவப்புப் பெயிண்டில் பதினேழு என்று எழுதியிருந்தது.

"இன்னாம்மா பாக்கற? அளக்க வந்தியா?" என்றாள்.

"இல்லக்கா. இந்த இடத்தோட வரலாறு எழுத வந்திருக்கேன்."

"யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"அப்போ எட்டி நில்லு. மண்ணெண்ண துணில பட்டுடும்."

அவள் பெயர் வேண்டா. மற்ற பதினொரு பேருக்கும் மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். பெயரைக் கேட்டதும் என் முகத்தில் ஏதோ ஓடியிருக்க வேண்டும், அவளே சொன்னாள். "எங்கூட்ல நான் நாலாவது பொண்ணு. போதும், இனிமே வேண்டான்னு வெச்ச பேரு. வெச்சவங்கள்லாம் போய்ட்டாங்க. நான் கீறேன்."

அந்தக் கல்தான் அவர்களுடைய பொன்னியம்மன். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்து அதன் முன்னால் கூழ் ஊற்றும். கம்பெனி ஓடுதளத்தை மேற்கே நீட்டப் போகிறது. வழியில் இருக்கும் தடைகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அம்மனுக்குப் பதினேழாம் எண் வந்திருக்கிறது. வெளியே கேட் பக்கத்தில் டைல்ஸ் பதித்துப் புதுக் கோயில் கட்டித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னதாம். ஊரில் சிலர் சரி என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"அவங்க பெயிண்டு அடிப்பாங்க, நான் தொடப்பேன். இத்தோட நாலு தபா" என்றாள் வேண்டா.

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. பலகைக்கு ஆகாத விஷயம் என்று தோன்றியது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியான நேரம். அந்தக் கலவரத்தில் ராணுவம் அவசர அவசரமாக இடம் தேடியிருக்கிறது. பனையங்கரணையில் மேட்டு நிலம், நல்ல சரளை மண், பக்கத்தில் ரயில். போட்டுவிட்டார்கள். யுத்தம் முடிந்தபின் சில வருஷம் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். பிறகு பூட்டினார்கள். அதன்பின் எழுபது வருஷம் ஓடுதளம் ஊருக்குப் பொதுக் களமாக இருந்தது. நெல் காயப்போட்டார்கள், வேர்க்கடலை காயப்போட்டார்கள், செங்கல்பட்டு டிரைவிங் ஸ்கூல்காரர்கள் ஆள் பழக்கினார்கள். நடுவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி நாலு வருஷம் நடந்து மூடியது. இப்போது கம்பெனி.

கடைசி வாரத்தில் ஒரு மெல்லிய கோப்பு கிடைத்தது. உள்ளே ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு, அதோடு தமிழில் அச்சடித்த அறிக்கை. பனையங்கரணைக் குடிகள் பத்து நாளைக்குள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். பின்னால் குடும்பத் தலைவர்களின் பட்டியல். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை.

ஆறாவது விதியை நான் மூன்று முறை படித்தேன். வருஷத்தில் ஒரு நாள், ஆடி மாதத்தில், மேற்படி குடிகள் தங்கள் அம்மன் கல்லுக்குப் போய்வர எக்காலத்திலும் தடை செய்யப்படமாட்டாது. கோப்பின் கடைசியில் தளத்தின் தினக்குறிப்பிலிருந்து ஒரு தாள். நாற்பத்து நாலு, ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்று. "மதியம் வரை விமானம் எழும்பவில்லை. கிராமத்தார் வழிபாடு." யாரோ ஓர் அதிகாரி பென்சிலில் எழுதியிருந்தார். யுத்தத்தின் நடுவில் ஒரு ராணுவத் தளம் கூழ் ஊற்றுவதற்காக நின்றிருக்கிறது.

சான்றிட்ட நகல் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் பலகைக்கு அந்த நாற்பத்தொரு வீட்டைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். காரமாக ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன், அவ்வளவுதான்.

அடுத்த சந்திப்பில் ஜெயக்குமார் அதே ரிசார்ட்டில் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டுப் பலகைகளைப் படித்தார். மூன்றாவது வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேண்டாமே மேடம். ஜனங்க உக்காந்து ரிலாக்ஸ் பண்ற இடம்."

"சரி சார். எடுத்துடறேன்."

பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நான்கு நாள் கழித்து இறுதி வடிவத்தை எனக்கு அனுப்பினார். மூன்றாம் பலகையில் என் பத்திகள் இருந்த இடத்தில் அவர்களே ஒரு வரி சேர்த்திருந்தார்கள். "1942-க்கு முன் இது மனிதர் எவரும் வசிக்காத புதர்க்காடாக இருந்தது." கீழே சின்ன எழுத்தில், "ஆய்வும் எழுத்தும்: ரிஃபானா."

நான் பலதை விட்டிருக்கிறேன். இல்லாததை ஒருபோதும் எழுதியதில்லை. விட்டவள் என்பதற்கும் பொய் சொன்னவள் என்பதற்கும் நடுவில் ஒரு வரப்பு இருப்பதாக நம்பி, அதன் மேல்தான் பதினோரு வருஷம் நடந்திருந்தேன். இவர்கள் அந்த வரப்பையும் சேர்த்து உழுதுவிட்டார்கள்.

போன் செய்தேன்.

"சார், இந்த வரி தப்பு. ஆவணம் இருக்கு."

"இருக்கட்டும் மேடம். ஆராய்ச்சி முழுக்க கம்பெனி சொத்துன்னு ஒப்பந்தத்துல இருக்கில்ல? அந்த ஃபைல் உங்ககிட்டயே இருக்கட்டும். வெளிய போக வேண்டாம்."

"அது அரசாங்கக் காப்பகத்துல இருக்கிற ஃபைல் சார். யாரு வேணாலும் பாக்கலாம்."

"யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் அமைதியாக. "அப்புறம் இன்னொண்ணு. பதினெட்டாம் தேதி நீட்டிப்புக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆரம்பத்துல நீங்க நம்ம தளத்தோட வரலாறை ஒரு பத்து நிமிஷம் படிக்கிறீங்க. தமிழ்ல, உங்க குரல்ல. ஊர்க்காரங்களுக்கு நல்லா இருக்கும்."

அன்று சாயங்காலம் பஸ் பிடித்து மறுபடி பனையங்கரணைக்குப் போனேன். ஓடுதளத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புது பனையங்கரணை. எண்பது வருஷம் ஆகியும் அதற்குப் பெயர் புதுசுதான். வேண்டா வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் செல்போனில் பட்டியலைக் காட்டினேன்.

"இன்னாது இது?"

"ராணுவம் காலி பண்ணச் சொன்ன வீடுகள். எல்லாப் பேரும் இருக்கு. இருபத்து மூணு, சடையாண்டி மகன் வீராசாமி."

அரிவாள் நின்றது. "எங்க தாத்தா அவரு. இன்னொரு தபா படி."

படித்தேன். பிறகு ஆறாம் விதியைப் படித்தேன். பிறகு கம்பெனி சேர்த்த வரியையும் படித்தேன், அடியில் என் பெயரோடு. மறைத்திருக்கலாம். மறைக்க மனசு வரவில்லை.

வேண்டா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "ஆளே இல்லாத காடு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "நீ போம்மா. உன் பொயப்ப பாரு. உனக்கும் வூட்ல அம்மா கீறாங்கன்ற. நான் பெயிண்ட தொடச்சிக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுல்தான் பீவி அதிகம் பேசுகிறவள் இல்லை. "தப்பா ஒருத்தன் உன் பேர்ல கையெழுத்துப் போட்டா நீ இன்னா பண்ணுவே? அழிப்பேல்ல? அத்த பண்ணு" என்றாள். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

பதினெட்டாம் தேதி காலை, பனையங்கரணை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேடையில் கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி, முன்னால் பிரபா என்று பெயர்ப்பலகை. அவருக்குப் பக்கத்தில் ஜெயக்குமார். முன்வரிசைக்கு மோர் கொடுத்தார்கள். வேண்டாவும் அவள் ஆட்களும் வேலைச் சட்டையோடு கடைசியில் தூண் ஓரமாக நின்றார்கள்.

என்னை அழைத்தார்கள். கையில் இரண்டு தாள்கள் இருந்தன. கம்பெனி அனுப்பியது மேலே. மைக் முன்னால் நின்றதும் அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"என் பெயர் ரிஃபானா. இந்த விமானத்தளத்தோட சரித்திரத்தை எழுத என்னை வச்சாங்க. 1942-க்கு முன்னாடி இது ஆளில்லாத காடுன்னு என் பேர் போட்டு ஒரு பலகை தயாராகியிருக்கு. அது பொய். நான் எழுதலை. அங்க நாற்பத்தொரு வீடு இருந்தது. அந்தப் பட்டியலைத்தான் இப்ப படிக்கப் போறேன்."

ஜெயக்குமார் தலையைத் தூக்கினார். நான் படிக்க ஆரம்பித்தேன். "ஒண்ணு, முனுசாமி மகன் திருவேங்கடம். ரெண்டு, சின்னக்கண்ணு மகன் ஏகாம்பரம்."

மூன்றாவது பெயரில் மைக் செத்தது. யார் அணைத்தார்கள் என்று பார்க்கவில்லை. குரலை உயர்த்தினேன். என் குரல் மெல்லியது, ஐந்தாவது வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் சலசலப்பு எழுந்தது. நாலாவது பெயரோடு நிறுத்திவிட்டேன்.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" வேண்டாவின் குரல். அவள் நடுவழியில் நடந்து மேடைக்கு அடியில் வந்து நின்றாள். "நீ எனக்குச் சொல்லு. நான் அவங்களுக்குச் சொல்றேன்."

காற்றில் அரை மைல் நீளத்துக்குப் புல் அறுக்கிறவர்களை மேய்க்கும் தொண்டை அது. நான் முதல் பெயரிலிருந்து சொன்னேன், அவள் கூவினாள். "முனுசாமி மகன் திருவேங்கடம்! அந்த வூட்டு ஆளுங்க யாருனா கீறீங்களா?"

தலைகள் திரும்பின. பிறகு இடதுபக்கத்திலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் தயங்கி வந்தது. "கீறோம்."

"ஏகாம்பரம்!"

"கீறோம்." இது ஒரு பெண். எழுந்தே நின்றுவிட்டாள்.

அதற்கப்புறம் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. பெயர் முடியும் முன்னால் பதில் வந்தது. புதுக் கோயிலுக்குச் சரி என்று சொன்ன பார்த்திபன் என்பவர் பன்னிரண்டாம் பெயருக்கு மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இருபத்து மூன்றாம் பெயரை வேண்டா கூவிவிட்டு, அவளே திரும்பி நின்று, "கீறேன்" என்றாள். மண்டபம் சிரித்தது. போலீஸ்காரர் ஒருவர் மேடையைப் பார்த்தார். அதிகாரி பிரபா கையைக் காட்டி அவரை நிற்கச் சொன்னார்.

முப்பத்தாறாம் பெயருக்குப் பதில் வரவில்லை. காஜா மொய்தீன், வெற்றிலைக் கடை. வேண்டா இரண்டு தரம் கூவினாள். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தேன்.

"இரு" என்றாள் வேண்டா. "அவுங்க இல்லன்னா நாங்க கீறோம். அவுங்களுக்கும் சேத்து கீறோம்."

"கீறோம்" என்றார்கள் முந்நூறு பேரும்.

நாற்பத்தொன்று முடிந்ததும் ஆறாம் விதியைப் படித்தேன். தினக்குறிப்புத் தாளையும் படித்தேன். அப்போது மைக் தேவைப்படவில்லை, அவ்வளவு நிசப்தம். ஜெயக்குமார் எழுந்து, இந்தப் பெண்மணி ஒப்பந்தத்தை மீறிப் பேசுகிறார், இது பதிவாகக் கூடாது என்றார்.

அதிகாரி பிரபா பேனாவை மூடாமல் கேட்டார். "ஆவணம் உண்மையா, சார்?"

ஜெயக்குமார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நகல் குடுங்க மேடம்" என்றார் பிரபா என்னிடம். மேடையிலேயே நடந்து போய் அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பேசிவைத்திருந்த இரண்டு வேலைகள் காரணம் சொல்லாமல் கைவிட்டுப் போயின. ரிஃபானாவிடம் கொடுத்தால் தலைவலி இல்லை என்ற பெயரும் அத்தோடு போயிற்று. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மாதக் கடைசியில் பயந்தேன். ஆனால் மண்டபத்து மேடைக்குத் திரும்பிப்போய் வேறு தாளை எடுக்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

புல் வேலைக்கு ஆள் வைத்திருந்த காண்ட்ராக்டர் வேண்டாவை வேலையிலிருந்து நிறுத்தினார். மறுநாள் மற்ற பதினொரு பேரும் வரவில்லை. காண்ட்ராக்டர் வெளியூர் ஆட்களைத் தேடினார்; விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து யாரும் வரவில்லை. எந்திரத்தை இறக்கினார்கள். அதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. எந்திரம் மேற்கு ஓரத்துச் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. புல் முழங்காலுக்கு வந்தது. வெட்டுக்கிளி வந்தது. மூன்றாவது வாரம், உரிமத்துக்காகச் சோதிக்க வந்த குழு, ஓடுதளத்தில் வெள்ளை வேட்டி விரித்தாற்போல் உட்கார்ந்திருந்த கொக்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பியது.

அதற்கடுத்த நாள் ஜெயக்குமாரே வேண்டாவின் வீட்டுக்கு வந்தார். அதை அவள் எனக்குப் போனில் சொன்னாள்.

"வேலைக்கு வான்றாரு. எல்லாரையும் எடுத்துக்கறேன்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கல்லு மேல கீற நம்பர நீயே வந்து தொடன்னேன். மண்ணெண்ண நான் தரேன்னேன்."

"துடைச்சாரா?"

"சட்டக் கைய மடிச்சு வுட்டுகினு தொடச்சாரு. பாவம், ஒயுங்கா தொடைக்கத் தெர்ல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஆனியில் அரசாங்க உத்தரவு வந்தது. நீட்டிப்பு கிழக்குப் பக்கமாகப் போக வேண்டும். கல்லைத் தொடக் கூடாது. ஆடியில் ஊர் குறிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை விமானம் எதுவும் இறங்கவோ எழும்பவோ கூடாது. மற்றபடி நிலையம் திறந்தாகிவிட்டது. ஜெட்டுகள் வந்துபோகின்றன. லவுஞ்சில் ஏழு பலகைகள்தான் வைத்திருக்கிறார்களாம். மூன்றாம் பலகையை வைக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அதைத் திருத்தி வைக்கச் சொல்லி நான் எழுதிய மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. விடுவதாக இல்லை.

ஆடி மூன்றாம் ஞாயிறு கேட்டைத் திறந்துவிட்டார்கள். கூழ் தவலைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் முன்னால் போனார்கள். வேப்பிலை கட்டின பறைகள் பின்னால். புதுத் தாரில் வெறுங்காலோடு ஓடுதளத்தைக் குறுக்கே கடந்தோம், சூடு சுரீரென்றது. யாரும் வேகமாக நடக்கவில்லை.

கூழ் ஊற்றி முடிக்கும் நேரத்தில் ஜெயக்குமார் வண்டியில் வந்து இறங்கினார். ஹேங்கர் முன்னால் ஒரு வெள்ளை ஜெட் கதவைத் திறந்தபடி நின்றிருந்தது. யாரோ பெரிய மனிதர் கிளம்ப வேண்டுமாம்.

"வேண்டா அம்மா, ஒரு பத்து நிமிஷத்துல முடிச்சுக்கலாமா? முக்கியமானவர். ரொம்ப நேரமா காத்திருக்கார்."

வேண்டா கரண்டியைத் தவலையில் விட்டுவிட்டு அவருடைய கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"பன்னண்டுக்கு இன்னும் நாப்பது நிமிசம் கீது சார். ஒக்காரச் சொல்லு. பசிக்குதுன்னா கேளு, ஒரு சொம்பு குடுத்தனுப்பறேன்."

அவர் ஜெட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விருந்தாளிக்குக் கூழ் வாங்கிப் போக லவுஞ்சிலிருந்து ஒரு பாத்திரம் எடுத்து வரச் சொல்லி டிரைவரை அனுப்பினார். வேண்டா வெங்காயம் உரிக்கச் சொல்லி என் பக்கம் ஒரு முறத்தைத் தள்ளினாள்.